ரயில் நிரம்பி ஓடியும் ஏன் நட்டம்?

திருகோணமலை ரயிலில் சில நாள் நிற்கவே இடமில்லை, பிறகேன் நட்டம் என்று பலர் கேட்கிறார்கள். காரணம் 'நிலைச் செலவு': ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் குறையாத செலவு. பஸ் அரசு போட்ட வீதியில் ஓடுகிறது. ரயில்வே திணைக்களமோ திருகோணமலைப் பாதை பிரியும் கல்லோயா சந்தியிலிருந்து இங்கு வரை தண்டவாளம், பாலம், சிக்னல், கடவை எல்லாவற்றையும் தானே பராமரிக்க வேண்டும். கல்யாண மண்டபம் மாதிரித்தான். 50 பேர் வந்தாலும் 500 பேர் வந்தாலும் வாடகை ஒன்று. ஒற்றைப் பாதையில் நாளுக்குச் சில ரயில்களே ஓடினால், அந்த வாடகையைப் பங்குபோட ஆள் போதாது. பக்கத்துச் சீனக்குடாவில் கோதுமை மா ஏற்றும் சரக்கு ரயில் கொஞ்சம் கைகொடுக்கும். கட்டணத்தை உயர்த்தலாமே என்றால், அது அரசு எடுக்க வேண்டிய முடிவு. தேர்தல் நெருங்கும்போது யார் அதில் கைவைப்பார்? அப்புறம், டிக்கெட் இல்லாமல் போகிறவர்களால்தான் நட்டம் என்பது சரியல்ல. எல்லோரும் எடுத்தாலும் இன்றைய கட்டணம் செலவை மூடாது.