விண்ணப்பத்தில் எழுதுவதா, மறைப்பதா?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவளுக்கு ‘ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா’ என்னும் விழித்திரை நோய் இருப்பதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். பகலில் புத்தகம் படிப்பாள். பொழுது சாய்ந்தால் படிக்கட்டு தெரியாமல் தடுமாறுவாள். பக்கத்தில் வருபவரைக் கவனிக்காமல் இடித்துக்கொள்வாள். இந்த ஆண்டு சாதாரண நிலைத் தேர்வு (ஓ-லெவல்) எழுதுகிறாள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்து சமூகப் பணி படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. “விண்ணப்பத்தில் கண் விஷயத்தை எழுதினால் இடம் தரமாட்டார்கள், சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்கிறான் என் மூத்த மகன். “பார்வை குறைந்துகொண்டே போகும் பெண்ணை எதற்கு அலையவிடுகிறாய், வீட்டிலிருந்தே ஏதாவது படிக்கட்டும்” என்கிறார் என் அண்ணன். வெளியே தெரிந்தால் நாளை அவள் திருமணம் என்னவாகும் என்ற கவலையும் எனக்கு இருக்கிறது. நானும் என் கணவரும் சொந்தத்தில் மணந்தவர்கள். அதனால்தானோ என்ற எண்ணம் தூங்கவிடுவதில்லை. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத தாய், ஈசூன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கான விடையை முதலிலேயே எழுதிவிடுகிறேன். சொல்லுங்கள். வகுப்புகள் தொடங்குவதற்கு முன்பே சொல்லுங்கள். ஆனால், சொல்வது என்றால் எல்லோருக்கும் அறிவிப்பது என்று பொருளில்லை. யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது, அதை யார் சொல்வது என்னும் மூன்றையும் உங்கள் மகளோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொண்டால் உங்கள் பயத்தில் பெரும்பகுதி குறையும் என்று நம்புகிறேன்.

உங்கள் மூத்த மகனின் அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. தங்கைக்கு ஒரு வாய்ப்புப் போய்விடக்கூடாதே என்ற அக்கறையில் பேசுகிறார். ஆனால் அவர் நினைப்பது போல இங்கே சிங்கப்பூரில் நடப்பதில்லை. சாதாரண நிலைத் தேர்வு முடிவுகளை வைத்து நடக்கும் கூட்டுச் சேர்க்கையில் இடத்தைத் தீர்மானிப்பவை பாட மதிப்பெண்களின் கூட்டுத்தொகையும், மாணவர் வரிசைப்படுத்திய விருப்பங்களும், அந்தப் பாடநெறிக்கு இருக்கும் போட்டியும்தான். பார்வைக் குறைபாடு என்று எழுதியதால் அந்தக் கூட்டுத்தொகை மாறிவிடாது. கவனிக்க வேண்டியது வேறொன்று உண்டு. ஆய்வுக்கூடம், இயந்திரம், கப்பல் சார்ந்த சில பாடநெறிகளுக்கு நிறப்பார்வை, செவித்திறன் போன்றவற்றில் குறிப்பிட்ட உடல்நலத் தகுதிகள் உண்டு. அவை சேர்க்கைக் கையேட்டில் பாடநெறி வாரியாக அச்சிடப்பட்டிருக்கும். விருப்பங்களை வரிசைப்படுத்துவதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒரு முறை முழுமையாகப் படித்துவிடுங்கள். அத்தகைய தகுதி கேட்கும் ஒரு பாடநெறியில் உண்மையை மறைத்துச் சேர்ந்தால், அதனால் வரும் ஆபத்து உங்கள் மகளுக்குத்தான்.

உடற்குறையுள்ளோரின் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையைச் சிங்கப்பூர் 2013ஆம் ஆண்டு உறுதிப்படுத்தியது. பள்ளிப் படிப்போடு நின்றுவிடாமல் உயர்கல்வியும் மற்றவர்களுக்குச் சமமாகக் கிடைக்க வேண்டும் என்று அதன் 24ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் பல்கலைக்கழகங்களிலும் உடற்குறையுள்ள மாணவர்களுக்கான ஆதரவு அலுவலகங்கள் இயங்கத் தொடங்கின. இன்று அவை பெரும்பாலும் சிறப்புக் கல்வித் தேவை ஆதரவு அலுவலகம் என்ற பெயரில் இருக்கின்றன. நீங்கள் முதலில் பேச வேண்டிய இடம் அதுதான். மாணவரிடம் இன்ன குறைபாடு இருக்கிறது என்ற மருத்துவ விவரம் அங்கே இருக்கும். விரிவுரையாளருக்குப் போவது, மாணவரின் ஒப்புதலோடு, வகுப்பில் என்ன ஏற்பாடு தேவை என்ற செய்தி. எந்த விவரம் யாருக்குப் போகும் என்பதை முதல் சந்திப்பிலேயே உங்கள் மகள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், கேட்கவும் வேண்டும். சக மாணவர்களிடம் எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பது முழுக்க முழுக்க அவளுடைய விருப்பம்.

முன்கூட்டியே சொல்வதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஏற்பாடுகளுக்கு நாள் பிடிக்கும். ஒரு விரிவுரையாளரின் பாடக்குறிப்பு, புத்தகப் பக்கங்களை அப்படியே படமெடுத்துச் சேர்த்ததாக இருந்தால், திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பு மென்பொருளால் அதை நேரடியாகப் படிக்க முடியாது. யாராவது அதை எழுத்து வடிவத்துக்கு மாற்றித் தர வேண்டும். பருவத்தின் நடுவில் போய்க் கேட்டால், மாற்றி முடிப்பதற்குள் அந்தப் பாடமே முடிந்திருக்கும். முதல் பருவத்தில் இழந்த மதிப்பெண்ணை, காரணம் நியாயமாக இருந்தாலும், பிறகு யாரும் கூட்டித் தரப் போவதில்லை.

உங்கள் மகளின் நோய்க்கே உரிய ஒரு சிக்கலும் இதில் இருக்கிறது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா பெரும்பாலும் மங்கிய ஒளியில் பார்க்க உதவும் விழித்திரைச் செல்களைத்தான் முதலில் பாதிக்கும். அதனால் இரவுப் பார்வை குறைகிறது. பிறகு பார்வையின் ஓரங்கள் மெல்ல மெல்ல உள்நோக்கிச் சுருங்குகின்றன. நடுப்பார்வை மட்டும் பலருக்கு நெடுங்காலம் நிலைத்திருக்கும். ஆகவே கைப்பேசியில் சின்ன எழுத்தைப் படிக்கும் பெண், எதிரில் கிடக்கும் நாற்காலியில் முட்டிக்கொள்வாள். கைகுலுக்க நீட்டிய கையைக் காணாமல் நிற்பாள். விளக்கணைத்துத் திரையில் காட்சி ஓடும் விரிவுரைக் கூடத்தில் இருக்கை தேடித் தவிப்பாள். விவரம் அறியாதவர்கள் இதைத் திமிர் என்பார்கள், அசட்டை என்பார்கள், சமயத்தில் நடிப்பு என்றுகூடச் சொல்வார்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்கு மின்தூக்கி வேண்டும் என்பது பார்த்ததும் புரிந்துவிடுகிறது. பாதி தெரிந்து பாதி தெரியாத குறைபாட்டை வாய்திறந்து சொன்னால்தான் புரியும். மறைத்துவிட்டால் ஒவ்வொரு நாளும் அவள் தன் சக்தியின் ஒரு பங்கை நன்றாகத் தெரிவதுபோல் காட்டிக்கொள்வதிலேயே செலவழிக்க வேண்டியிருக்கும். படிக்க வேண்டிய வயதில் அந்தப் பாரம் அவளுக்கு எதற்கு?

ஆகவே நோயின் பெயரைச் சொல்வதோடு நிற்காமல், அது தன்னை எப்படிப் பாதிக்கிறது என்பதை அவளே ஒரு பக்கத்தில் எழுதட்டும். வெயிலிலிருந்து அறைக்குள் வந்தால் கண் பழகச் சிறிது நேரம் ஆகிறதா, வெண்பலகையில் எந்த நிற எழுத்துத் தெரிவதில்லை, கணினித் திரையில் கறுப்புப் பின்னணியும் வெள்ளை எழுத்தும் வசதியா, எவ்வளவு நேரம் தொடர்ந்து படித்தால் தலை வலிக்கிறது, மாலை வகுப்பு முடிந்து தனியாக வெளியே வர முடியுமா என்பன போன்றவற்றையெல்லாம் எழுத வேண்டும். ஆதரவு அலுவலகத்தில் பேசும்போது நீங்கள் உடன் செல்லுங்கள். ஆனால் அவளைப் பேசவிடுங்கள். தாய்க்கு இது எளிதன்று. மகள் ஒரு கணம் தயங்கினாலும் நாம் முந்திக்கொண்டு பேசிவிடுவோம். எனினும் மூன்று ஆண்டுப் படிப்பில் எல்லா வகுப்புக்கும் உங்களால் போக முடியாது. தனக்கு வேண்டியதைக் கூச்சமில்லாமல், மன்னிப்புக் கேட்கும் குரலில்லாமல் கேட்கும் பழக்கம் அவளுக்கு இந்த வயதிலேயே வந்தாக வேண்டும்.

தேர்வில் கூடுதல் நேரம், பெரிய எழுத்து வினாத்தாள், தனி அறை போன்றவற்றைச் சலுகை என்று நினைத்து வெட்கப்படும் பிள்ளைகள் உண்டு. வீட்டுப் பெரியவர்களே “அதெல்லாம் வாங்கினால் மதிப்புக் குறைந்துவிடும்” என்று சொல்வதுண்டு. கேள்விகளும் மாறுவதில்லை, திருத்தும் அளவுகோலும் மாறுவதில்லை. குறுகிய பார்வை வட்டத்தில் வரியைத் தேடித் தேடிப் படிப்பவருக்கும் மற்றவர்களுக்கும் ஒரே நேரம் கொடுத்தால், அந்தத் தேர்வு அறிவோடு சேர்த்துக் கண்ணின் வேகத்தையும் அளந்துவிடுகிறது. கூடுதல் நேரம் அந்தப் பிழையைத்தான் சரிசெய்கிறது.

இனி உங்கள் அண்ணன் சொல்வது. அன்பினால் சொன்னாலும் அந்த யோசனையை நான் ஏற்கவில்லை. வீட்டிலேயே இருந்தால் அவள் விழமாட்டாள் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் பார்வை மேலும் குறையக்கூடிய ஒருவருக்கு, ஓரளவு பார்வை இருக்கும் காலமே வெளியே நடமாடப் பழக ஏற்ற காலம். வெள்ளைக் கோல் பிடித்து நடப்பது, ஒலியையும் தரையின் மாற்றத்தையும் கொண்டு இடத்தை அறிவது ஆகியவற்றை முறையாகக் கற்பிக்கும் நடமாட்டப் பயிற்சி இங்கே உண்டு. தோ பாயோ ரைஸில் இருக்கும் பார்வைக் குறைபாடுள்ளோர் சங்கத்தில் விசாரியுங்கள். இந்த வயதில் வெள்ளைக் கோலைக் கையில் எடுக்க அவள் மறுக்கலாம், வற்புறுத்த வேண்டாம். மடக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, இருட்டிய பிறகு மட்டும் எடுத்தால் போதும் என்று தொடங்கலாம். இடத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஈசூனிலிருந்து எம்ஆர்டியில் இரண்டாவது நிலையமான இயோ சூ காங்கின் அருகிலேயே நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரி இருக்கிறது. அதே வடக்கு-தெற்குப் பாதையில் எதிர்த்திசையில் உட்லண்ட்ஸ் சென்றால் ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரி. பொது வரவேற்பு நாளில் பகலில் ஒரு முறையும், விளக்கேற்றிய பிறகு வேறொரு நாளிலும் வளாகம்வரை உங்கள் மகனும் மகளும் போய்வரட்டும். பகலில் எளிதாகத் தோன்றும் பாதை இரவில் எப்படி இருக்கிறது என்று தெரிந்தபின் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பண உதவி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உயர்கல்வி நிலையங்களில் படிக்கும் சிங்கப்பூர்க் குடிமக்களுக்குக் கல்வி அமைச்சின் சிறப்புக் கல்வித் தேவை நிதி இருக்கிறது. ஆதரவு அலுவலகத்தின் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பு நிர்வகிக்கும் துணைக் கருவி நிதி, குடும்ப வருமானத்தைப் பொறுத்து, கருவியின் விலையில் 90 விழுக்காடு வரையும் ஒருவரின் வாழ்நாளில் மொத்தம் 40,000 வெள்ளி வரையும் தரும். கல்விக் கட்டணத்துக்கு உதவி தேவைப்பட்டால் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவை அணுகுங்கள். பணம் கைக்கு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இருவர் தொடங்கிய என்விடிஏ என்னும் திரைவாசிப்பு மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் படிக்கும். கண் களைத்த நேரங்களில் காதால் படிக்க இப்போதே பழகிக்கொள்ளலாம்.

சமூகப் பணி என்பது நல்ல தேர்வு; ஒரு விஷயத்தை மட்டும் முன்னதாகவே கேட்டுவிடுங்கள். அந்தப் படிப்பில் களப்பயிற்சி உண்டு. குடும்பங்களைப் பார்க்க மாலை நேரத்தில் வீடுகளுக்குச் செல்ல வேண்டியிருக்கலாம். வகுப்பறையில் கிடைக்கும் ஏற்பாடுகள் களத்துக்கு வந்ததும் அறுந்துபோவதுதான் நம் உயர்கல்வியில் இன்னும் சரிசெய்யப்பட வேண்டிய குறை என்று நான் கருதுகிறேன். பயிற்சி தரும் அமைப்புக்கு யார் சொல்வது, பகல் நேரப் பணிகளை ஒதுக்க முடியுமா, துணைக்கு ஒருவர் வருவாரா என்று பாடநெறிப் பொறுப்பாளரிடம் சேரும்போதே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் பெற்றுக்கொள்ளுங்கள். படித்தாலும் வேலை கிடைக்குமா என்று உங்கள் அண்ணன் அடுத்துக் கேட்கக்கூடும். 2030ஆம் ஆண்டுக்குள் வேலை செய்யும் வயதிலுள்ள உடற்குறையுள்ளோரில் 40 விழுக்காட்டினர் வேலையில் இருக்க வேண்டும் என்பது நாட்டின் பெருந்திட்டம் வகுத்திருக்கும் இலக்கு. உடற்குறையைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் பணியிட நியாயச் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றியிருக்கிறது. சட்டம் மட்டும் வேலை வாங்கித் தராது. டிப்ளோமா கையில் இருந்தால்தான் அந்தச் சட்டத்தாலும் பயன் உண்டு.

உங்கள் குற்ற உணர்வைப் பற்றி. இந்த நோய்க்குக் காரணமான மரபணுக்கள் பல. அது தலைமுறைகளில் இறங்கும் வழியும் ஒன்றல்ல. சொந்தத்தில் மணக்காத பெற்றோரின் பிள்ளைகளுக்கும் வருகிறது. உறவுத் திருமணம் சில வகைகளில் வாய்ப்பைக் கூட்டும் என்பது மருத்துவ உண்மைதான். ஆனால் உங்கள் குடும்பத்தில் எது நடந்தது என்பதை மரபணுச் சோதனையும் ஆலோசனையும்தான் சொல்ல முடியும். கண் மருத்துவரிடம் கேளுங்கள். மூத்த மகனுக்கும் அது பயன்படும். தெரியாமல் நடந்த ஒன்றுக்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்வதை அருள்கூர்ந்து நிறுத்துங்கள். அம்மா அழுவதைப் பார்க்கும் பெண், தன்னையே ஒரு துயரமாக நினைக்கத் தொடங்கிவிடுவாள். திருமணத்தைப் பற்றி எனக்குத் தெளிவான கருத்து உண்டு. மறைத்துச் செய்யும் திருமணத்தில் தெரியவரும் நாள் நிச்சயம் வரும். அன்று தனியாக நிற்கப் போகிறவள் உங்கள் மகள். உறவினருக்கு இப்போது விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. கேட்பவர்களிடம் “பலதுறையில் படிக்கப் போகிறாள்” என்று சொன்னால் போதும்.

இவ்வளவு எழுதிய பிறகு, அவசரமான வேலை ஒன்றை நினைவூட்டுகிறேன். சாதாரண நிலைத் தேர்வுக்கான சிறப்பு ஏற்பாடுகளைப் பள்ளியின் மூலமாகத்தான் கேட்க முடியும். அதற்குக் கெடு உண்டு. அண்மைய மருத்துவ அறிக்கையும் கேட்பார்கள். ஏற்கெனவே விண்ணப்பித்திருக்கிறீர்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. இல்லையென்றால், இந்த வாரமே வகுப்பாசிரியரையும் சிறப்புக் கல்வித் தேவை அதிகாரியையும் சந்தியுங்கள். அதே மருத்துவ அறிக்கையின் பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டால், கல்லூரியின் ஆதரவு அலுவலகத்திலும் அதைக் காட்டலாம்.