பட்டறைப் பதில்கள்: பின்னால் போன ரேடியேட்டர்

கேள்வி: என்னிடம் பழைய மஹிந்திரா எம்.எம். 540 ஜீப் இருக்கிறது, பூஜோ டீசல் எஞ்சின். தோப்பு வேலைக்காக முன்பக்கம் வின்ச் (கம்பிக் கயிற்றைச் சுற்றிப் பாரம் இழுக்கும் கருவி) பொருத்தினோம். ரேடியேட்டருக்கு இடமில்லாமல் போனதால், அதை முன் இருக்கைகளுக்குப் பின்னால் நிறுத்திவிட்டோம். எஞ்சினின் ஹோஸ் வாய் 38 மி.மீ.; வண்டித் தரைக்கு அடியில் 25 மி.மீ. ஜி.ஐ. குழாய் போட்டு, வளைவுகளுக்கு எல்போ வைத்தோம். சமதளத்தில் தொந்தரவு இல்லை. ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறினால், ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவைத் தொடுவதற்குள் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. பெரிய ரேடியேட்டர் வாங்கினேன், இரண்டாவது மின்விசிறியும் வைத்தேன். பலன் இல்லை. மேல் ஹோஸில் கை வைக்க முடியவில்லை. கீழ் ஹோஸ் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. மழைக்குப் படுதாவை இறக்கிவிட்டால் இன்னும் சீக்கிரம் கொதிக்கிறது. "குழாய் நீளம்தான் காரணம், பழையபடி முன்னால் கொண்டுபோங்கள்" என்கிறார் மெக்கானிக். சரிதானா?
— ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: உங்கள் மெக்கானிக் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1980களில் ஃபோக்ஸ்வாகன் வேன்களில் எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். வண்டியின் நீளம் முழுக்கக் குழாய் ஓடியது. அந்த வண்டிகள் ஐரோப்பாவின் மலைகளில் ஏறத்தான் செய்தன. நீளத்தால் பெரிய கேடு இல்லை. ஒடுக்கமும், உள்ளே சிக்கிய காற்றும்தான் கேடு.

புதிய ரேடியேட்டருக்கும் இரண்டாவது விசிறிக்கும் செலவழிப்பதற்கு முன் எழுதியிருக்கக் கூடாதா? வண்டி கொதித்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் ஓடவில்லையா, காற்று ஓடவில்லையா? அதற்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. உள்ளே போகும் ஹோஸ் கொதித்து, வெளியே வரும் ஹோஸ் வெதுவெதுப்பாக இருந்தால், வந்த கொஞ்சத் தண்ணீரை ரேடியேட்டர் நன்றாகவே ஆற்றி அனுப்புகிறது என்று பொருள். தண்ணீர்தான் போதிய அளவு வரவில்லை. இரண்டு ஹோஸும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்திருந்தால் விசிறியைச் சந்தேகப்பட்டிருப்பேன். அடுத்த முறை கையை வைக்காதீர்கள். தொடாமல் சூடு பார்க்கும் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

25 மி.மீ. குழாயின் வாய்ப்பரப்பு, 38 மி.மீ. வாயில் பாதிகூட இல்லை. அதோடு எல்போ. குளியலறைக்கு அது போதும். 38 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயை, எல்போ இல்லாமல் அகலமாக வளைத்து, சேஸிஸ் ஓரமாகக் கொண்டுபோங்கள். ரேடியேட்டரின் அடியிலிருந்து வாட்டர் பம்புக்கு வரும் ஹோஸை, ஒருவரை எஞ்சினை முறுக்கச் சொல்லிவிட்டுக் கவனியுங்கள். பம்பு உறிஞ்சும் வேகத்தில் அது சப்பையானால் உள்ளே கம்பிச் சுருள் வேண்டும்.

இனி உள்ளே சிக்கிய காற்று. உங்கள் குழாய் தரைக்கு அடியில் இறங்கி மறுபடி ஏறுகிறது. நீங்கள் தண்ணீர் ஊற்றுவதோ பின்னால் இருக்கும் மூடி வழியாக. தண்ணீர் பள்ளத்தை நிரப்பிவிட்டால், எஞ்சின் தலைப்பகுதியில் இருந்த காற்றுக்கு வெளியேற வழி கிடையாது. தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) இருக்கும் கூட்டுக்குள் அது உட்கார்ந்துகொள்ளும். பல ஆண்டுகளுக்கு முன் இதேபோல ஒரு ஜீப்பைப் பண்ணிக் கொடுத்துவிட்டு, மூன்று நாள் பம்பையும் கேஸ்கெட்டையும் கழற்றிக் கழற்றிப் பார்த்தேன். நான்காம் நாள் தெர்மோஸ்டாட் கூட்டின் போல்ட்டைத் தளர்த்தியபோது "புஸ்" என்று சத்தம் வந்தது. அந்த மூன்று நாள் கூலியை வாடிக்கையாளரிடம் நான் கேட்கவில்லை.

உங்கள் வண்டிக்குச் செய்ய வேண்டியது இது. பானெட்டுக்கு அடியில், எல்லாவற்றையும்விட உயரமான இடத்தில் ஒரு சிறிய தொட்டி வையுங்கள். அழுத்த மூடி அதில் மட்டும் இருக்கட்டும். ரேடியேட்டருக்கு, அழுத்த வால்வு இல்லாமல் இறுக மூடும் சாதாரண மூடி போதும். தெர்மோஸ்டாட் கூட்டின் உச்சியிலிருந்து ஒன்று, ரேடியேட்டரின் உச்சியிலிருந்து ஒன்று என இரண்டு சிறிய குழாய்கள் தொட்டியின் மேல்பகுதிக்கு வரட்டும். தொட்டியின் அடியிலிருந்து ஒரு தடித்த குழாய் பம்பின் உறிஞ்சும் பக்கத்துக்குப் போகட்டும். பிறகு காற்று தானாகவே மேலேறி வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: காற்று போன பிறகும் தொட்டியில் குமிழி ஓயாமல் வந்தால் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகட்டைப் பாருங்கள். இத்தனை முறை கொதித்த எஞ்சின் அது.

படுதா விஷயத்தை எழுதினீர்களே, அதற்கு நன்றி. மழையில் வண்டி குளிர வேண்டும், உங்களுடையது கொதிக்கிறது. விசிறி கக்கிய வெப்பக் காற்று படுதாவுக்குள் சுற்றி வந்து மறுபடி ரேடியேட்டருக்குள்ளேயே நுழைகிறது. இது இரண்டாவது நோய். எஞ்சினை ஓடவிட்டு, படுதாவை இறக்கி, ரேடியேட்டரின் பக்கத்தில் ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை போகும் வழி எல்லாவற்றையும் சொல்லிவிடும். இரண்டு விசிறியும் ஒரே திசையில் வீசுகின்றனவா என்பதும் தெரிந்துவிடும். ஒயரை மாற்றிக் கொடுத்து ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றிய விசிறிகளை நான் பார்த்திருக்கிறேன். காற்று உள்ளே வரத் தனி வழியும், போகத் தனி வழியும் தகரத்தில் அடித்துவிடுங்கள். விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தகரக் கூடு இல்லாவிட்டால், விசிறி வட்டத்துக்கு நேராக உள்ள பகுதி மட்டும்தான் வேலை செய்யும். பெரிய ரேடியேட்டரின் மூலைகள் வெறும் பாரம்.

கடைசியாக ஒன்று, இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். இருக்கைக்குப் பின்னால் 100 டிகிரியை நெருங்கும் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. ஹோஸ் வெடித்தால் உங்கள் முதுகில்தான் விழும். நடுவே முழுத் தகடு ஒன்றை அடித்த பிறகுதான் யாரையும் ஏற்ற வேண்டும். சூடான மூடியைத் திறந்த அவசரத்தின் தழும்பு என் இடது மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது.

கேள்வி: தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிட்டால் சூடு குறையும் என்கிறார்களே?

பதில்: சில எஞ்சின்களில் சூடு குறையாது, கூடத்தான் செய்யும். அவற்றில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது உள்சுற்று வழியை அதுவே அடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் பாதித் தண்ணீர் ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலேயே எஞ்சினுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். கொதிக்கும் நீரில் போட்டுப் பாருங்கள். திறந்தால் அது நல்லது, மாட்டுங்கள்.

கேள்வி: கூலன்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: உங்கள் வீட்டுச் சுடுநீர்ப் பாத்திரத்தின் அடியைத் திருப்பிப் பாருங்கள். அந்த வெள்ளைப் படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். காய்ச்சி வடித்த நீரும் கூலன்டும் பாதிக்குப் பாதி.

கேள்வி: ரேடியேட்டர் இடம் மாறியதற்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஏதாவது சொல்ல வேண்டுமா?

பதில்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் நிர்ணயித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. தோப்புக்குள் ஓட்டுவது வேறு; பொதுச் சாலையில் இறக்குவதற்கு முன் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.