குழந்தை காணாமல் போகும் த்ரில்லர்கள்: குடும்பத்தை மறக்காத இரண்டு நாவல்கள்

குழந்தை காணாமல் போகும் கதைகள் பிடிக்கும், ஆனால் கடைசித் திருப்பத்துக்காக எழுத்தாளர்கள் குடும்பத்தையே மறந்துவிடுகிறார்கள், அப்படி மறக்காத நாவல் ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கும் அதே குறை இருந்தது. ஜாக்குலின் மிச்சர்டின் ‘தி டீப் எண்ட் ஆஃப் தி ஓஷன்’ (1996) படித்துப் பாருங்கள்.

சிகாகோவில் கூட்டம் நிறைந்த ஒரு ஹோட்டல் வரவேற்பறை. தம்பியைப் பார்த்துக்கொள்ளும்படி மூத்தவனிடம் சொல்லிவிட்டு அம்மா கவுண்டருக்குப் போகிறாள். திரும்பி வந்தால் மூன்று வயதுப் பையன் இல்லை. ஒன்பது வருடம் கழித்துக் கிடைத்துவிடுகிறான். இதை முன்கூட்டியே சொல்வதால் ஒன்றும் கெடாது, கதை அங்கேதான் சூடு பிடிக்கிறது. பெற்றவர்கள் அவனுக்கு அந்நியர்கள். வளர்த்த அப்பாவுக்காக ஏங்குகிறான். என்னை அதிகம் கலங்கடித்தது அந்த அண்ணன்தான். தம்பியின் கையை விட்ட குற்ற உணர்ச்சியை உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டு முரட்டுப் பையனாக வளர்கிறான்.

அப்புறம் இயன் மக்கீவனின் ‘தி சைல்ட் இன் டைம்’ (1987). சூப்பர்மார்க்கெட்டில் அப்பாவின் பக்கத்திலிருந்தே மகள் மறைகிறாள். இதில் துப்பறியும் வேகம் கிடையாது. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு விதமாகத் துக்கப்பட்டு விலகிப்போவதுதான் கதை. அதனால் முதலில் மிச்சர்டை எடுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் ராத்திரியில் வேண்டாம், பகலில் படியுங்கள்.