கலந்து உருக்கினால் ஏன் உடைகிறது? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

எஃகு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். என் மைத்துனர் பழைய பிளாஸ்டிக்கை அரைத்து உருக்கிக் குருணையாக விற்கிறார். நாற்காலி, டப்பா எல்லாம் பிபி (பாலிப்ரொப்பிலீன்). கேன், டிரம் எல்லாம் எச்டி (அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன்). தனித்தனியாக உருக்கினால் இரண்டுமே நன்றாக வளைகின்றன. சேர்த்து உருக்கி வார்த்த டப் மட்டும் விளிம்பில் பட்டென்று உடைகிறது. இரும்பில் கொஞ்சம் கார்பன் சேர்ந்தால் உறுதி கூடும் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே இரண்டு நல்ல பொருள்கள் சேர்ந்து எப்படி இரண்டையும்விட மோசமான ஒன்று வருகிறது? சுண்ணாம்புக்கல் பொடி சேர்த்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். சேர்க்கலாமா?

– ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

பொடியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில், உங்கள் மைத்துனர் அந்த இரண்டையும் கலக்கவே இல்லை. உருக்கும் இயந்திரத்துக்குள் ஒன்றாகச் சுழன்றாலும், பிபிக்குள் எச்டி குட்டிக் குட்டித் துளிகளாகத்தான் நிற்கிறது. ஆறியதும் துளிகள் அப்படியே உறைந்துவிடுகின்றன. கண்ணுக்கு ஒரே பொருளாகத் தெரியும், அவ்வளவுதான்.

இரண்டும் வெறும் கார்பனும் ஹைட்ரஜனும்தான், அப்புறம் ஏன் சேர மறுக்கின்றன? காரணம் மூலக்கூறின் நீளம். பிளாஸ்டிக்கின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு நீண்ட சங்கிலி. உதிரி மல்லிகையையும் உதிரிக் கனகாம்பரத்தையும் ஒரு கூடையில் போட்டுக் குலுக்கினால் கலந்துவிடும். முழம் முழமாகக் கட்டிய பிறகு குலுக்கினால் பூக்கள் இஷ்டத்துக்கு இடம் மாற முடியாது. திரவங்கள் கலப்பதற்குப் பெரிய உந்துதலே இந்த இடம் மாறும் வாய்ப்புதான். சங்கிலியான மூலக்கூறுகளுக்கு அது ஏறக்குறைய இல்லாமல் போகிறது. வேதியியலாளர்கள் பால் ஃப்ளோரியும் மாரிஸ் ஹக்கின்ஸும் 1940களின் தொடக்கத்தில் தனித்தனியாக இதற்குக் கணக்குப் போட்டார்கள். இரண்டு பக்கமும் ஆயிரம் கண்ணிச் சங்கிலி என்றால், உதிரி மூலக்கூறுகள் பொறுத்துக்கொள்ளும் வேற்றுமையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தாலே பிரிந்துவிடும். பிபியில் ஒரு கார்பன் விட்டு ஒரு கார்பனில் ஒரு மீத்தைல் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த கொத்து) தொங்குகிறது. எச்டியில் அது இல்லை. அந்தச் சின்ன வித்தியாசமே போதும். முழுதாகக் கலக்கும் ஜோடிகள் அபூர்வம். பாலிஸ்டைரீனும் பாலிஃபினைலீன் ஆக்சைடும் அப்படி ஒன்று. ஜெனரல் எலக்ட்ரிக் அதை 1966இல் நோரில் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஆனால் பிரிவதுதான் குற்றம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பல ஃப்ரிட்ஜ்களின் உள்சுவர் ஹிப்ஸ் என்னும் பிளாஸ்டிக். அதிலும் இரண்டு பொருள்கள் பிரிந்தே கிடக்கின்றன, வேண்டுமென்றே. சாதாரண பாலிஸ்டைரீன் கண்ணாடி மாதிரி நொறுங்கும். ஐந்து முதல் பத்து சதவீதம் ரப்பரை, பாலிஸ்டைரீனின் மூலப்பொருளான ஸ்டைரீன் திரவத்தில் கரைத்து, கலக்கிக்கொண்டே அந்த ஸ்டைரீனைப் பாலிமராக்கினால், அதாவது சங்கிலியாகக் கோத்தால், ரப்பர் சில மைக்ரான் அளவுத் துகள்களாகப் பிரிந்து நிற்கும். முக்கியமான வேலை இதற்கிடையில்தான் நடக்கிறது: ஸ்டைரீன் சங்கிலிகள் சில, ரப்பர் சங்கிலியின் மேலேயே கிளையாக முளைக்கின்றன. ஒரு முனை ரப்பரில், மறுமுனை பாலிஸ்டைரீனில். எல்லை தைக்கப்பட்டுவிடுகிறது. அந்தப் பிளாஸ்டிக்கை வளைத்தால் வெள்ளை படரும், பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு துகளைச் சுற்றியும் நுண்ணிய கீறல்கள் ஏராளமாகத் திறந்து அடியை வாங்கிக்கொள்வதன் அடையாளம் அது. ஒரே பெரிய விரிசல் ஓடுவதற்குப் பதிலாகப் பல்லாயிரம் குட்டிக் கீறல்கள். எனக்குத் தெரிந்து பிளாஸ்டிக் உலகின் மிக அழகான தந்திரம் இதுதான்.

உங்கள் டப்பில் அந்தத் தையல் இல்லை. எல்லையில் ஒரு பக்கச் சங்கிலி மறுபக்கம் சில நானோமீட்டர்தான் நுழைகிறது, சிக்கிப் பின்னிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. இழுத்தால் துளி கழன்றுவிடும். கழன்ற இடம் ஓட்டை. விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

தைப்பதற்கு ஆள் உண்டு. எச்டித் துண்டும் பிபித் துண்டும் மாறி மாறி ஒரே சங்கிலியில் கோத்த பாலிமரை கார்னெல், மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டார்கள். மிகக் கொஞ்சம் சேர்த்தாலே நொறுங்கும் கலவை நன்றாக நீளத் தொடங்கியது. கடைகளில் இந்த வேலைக்கென்று வேறு சேர்மானங்கள் கிடைக்கின்றன, விலை கொஞ்சம் அதிகம். குருணை விற்கிற விலைக்குக் கட்டுபடியாகுமா என்பதை மைத்துனர்தான் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் அரைப்பதற்கு முன்பே பிரிப்பது மேல். தண்ணீர்த் தொட்டியில் போட்டால் பெட் பாட்டிலும் பிவிசியும் மூழ்கிவிடும். பிபியும் எச்டியும் இரண்டுமே மிதக்கும், அரைத்த பிறகு தொட்டியால் பயனில்லை. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்றிருந்தால் பிபி, 2 என்றால் எச்டி.

சரி, சுண்ணாம்புப் பொடி. அது விறைப்பைக் கூட்டும், குருணையை மலிவாக்கும். உடைவதை நிறுத்தாது, பொடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் இன்னொரு பலவீனமான எல்லையைத்தான் சேர்க்கும். டப் கையில் கெட்டியாக இருப்பதைப் பார்த்து உறுதி என்று நினைக்கிறார்கள். விறைப்பு வேறு, உடையாத தன்மை வேறு.

ஒன்று செய்து பாருங்கள். உடைந்த விளிம்பைக் கத்தியால் லேசாகக் கிளப்பினால் ஏடு ஏடாக உரிகிறதா? உரிந்தால் நான் சொன்னதுதான் காரணம். உரியாமல் மாவாக உதிர்ந்தால், வெயிலில் வருடக்கணக்கில் கிடந்த நாற்காலிகளைச் சந்தேகப்படுங்கள். அவற்றில் சங்கிலிகளே அறுந்திருக்கும். அதற்கு எந்தச் சேர்மானமும் உதவாது.