ஆளுக்குக் கொஞ்சம் உண்மை

வணக்கம் அண்ணா,

இரண்டு மாதம் முன்பு சிறுநீர் போகும்போது எரிச்சல். டெஸ்ட் எடுத்து கிளமிடியா என்ற பால்வினை நோய் என்றார்கள். ஏழு நாள் டாக்சிசைக்கிளின் மாத்திரை சாப்பிட்டேன். எரிச்சல் குறைந்தது, முழுசாகப் போகவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த சிப்ரோ என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை ஒரு அட்டையும் போட்டேன். இப்போது வலது முழங்கால் வீக்கம், காலையில் குதிகால் ஊன்ற முடியவில்லை. எங்கள் பேட்டையில் இருக்கும் கிளினிக்கில் முழங்காலை மட்டும் காட்டினேன், டாக்டர் தேய்மானம் என்றார். மனைவிக்கு ஒரு தொந்தரவும் இல்லை, அதனால் சொல்லவில்லை. மஞ்சள் பால் குடிக்கிறேன். இது நிரந்தரமா?

- ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்

அன்புள்ள தம்பி,

நம் ஆண்கள் டாக்டரிடம் பேசும் லட்சணத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்திருந்தேன், உங்கள் கடிதம் வந்து நிற்கிறது.

நான் டாக்டர் இல்லை. ஆனால் ரியாக்டிவ் ஆர்த்ரைட்டிஸ் என்று ஒன்று உண்டு. கிளமிடியா வந்து ஒன்றிலிருந்து நான்கு வாரத்தில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முழங்கால், கணுக்கால், குதிகால் பக்கம் திரும்பி வீக்கத்தைக் கிளப்பிவிடும், சிலருக்குக் கண்ணையும் சிவக்க வைக்கும். பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில், போனால் ஒரு வருடத்தில் அடங்கிவிடும், சிலருக்கு இழுக்கும். உங்களுக்கு அதுதானா என்பதை முழுக் கதையும் தெரிந்த டாக்டர்தான் சொல்ல முடியும். அப்படி ஒருவர் உங்களுக்கு சிங்கப்பூரில் இன்றைக்கு இல்லையே, அதுதான் எனக்குக் கோபம். எரிச்சல் ஒருவருக்குத் தெரியும், முழங்கால் இன்னொருவருக்கு. சிப்ரோ யாருக்குமே தெரியாது. அந்த மாத்திரையே குதிகால் தசைநாரைப் பாதிக்கலாம் என்று 2008-லேயே அமெரிக்காவில் கடும் எச்சரிக்கை போடச் சொன்னார்கள், அது தெரியுமா உங்களுக்கு?

ஜாலான் புசார் பக்கம் ஓர் அறையில் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். அதில் ஒருவர் கணுக்கால் வீங்கி நொண்டினார். வேலையிடத்தில் சறுக்கிவிட்டது என்றார், நம்பினோம், தைலம் தேய்த்துவிட்டதும் நான்தான். எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) மேல் எம்.சி. எரிச்சலுக்கு உடம்புச் சூடு என்று சொல்லிக்கொண்டு பார்லி தண்ணீராகக் குடித்தார், அதை நாங்கள் யாரும் காலோடு சேர்த்துப் பார்க்கவில்லை. கடைசியில் கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் கண் டாக்டரிடம் போனார். அந்த அம்மா கண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "சிறுநீர் எரிகிறதா? மூட்டு வலிக்கிறதா?" மனுஷன் அங்கேயே அழுதுவிட்டார். இத்தனைக்கும் பால்வினை நோய்களைப் பார்க்கும் டிஎஸ்சி கிளினிக் கிளாந்தான் லேனில், எங்கள் அறையிலிருந்து நடந்து போகும் தூரம்.

மஞ்சள் பால் குடியுங்கள், தப்பில்லை. விடுங்கள்.

ஆனால் மனைவிக்குத் தொந்தரவு இல்லை என்று எழுதினீர்களே, அங்கே உங்கள் தோளைப் பிடித்து உலுக்கத் தோன்றியது. பெண்களில் பெரும்பாலோருக்குக் கிளமிடியா எந்த அறிகுறியும் காட்டாது. சத்தமில்லாமல் கருக்குழாயைக் கெடுத்துவிட்டுப் போகலாம். நாளைக்குக் குழந்தை தங்கவில்லை என்று அந்தப் பெண் கோயில் கோயிலாக ஏறி இறங்குவாள், உங்கள் வீட்டார் அவளைக் குறை சொல்வார்கள், நீங்கள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பீர்களா? அவருக்கும் டெஸ்ட், அவருக்கும் மருந்து. இல்லாவிட்டால் நீங்கள் ஏழு நாள் சாப்பிட்டதும் வீண், திரும்ப உங்களுக்கே வரலாம். அந்த மிச்ச எரிச்சலுக்கு அதுவேகூடக் காரணமாக இருக்கலாம், இல்லை மைக்கோபிளாஸ்மா மாதிரி வேறு கிருமியாக இருக்கலாம், வெறும் ஆறாத புண்ணாகவும் இருக்கலாம். டெஸ்ட் பண்ணாமல் எப்படித் தெரியும்? சண்டை வரும்தான். வரட்டும். உங்கள் மேல் அவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது, கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே போங்கள். எரிச்சல், டாக்சிசைக்கிளின், சிப்ரோ, முழங்கால், குதிகால், எல்லாவற்றையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் அப்படியே நீட்டிவிடுங்கள். மூட்டுவாத நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நடுவில் கண் சிவந்து வலித்தால் எனக்கு மெயில் போட்டுக்கொண்டிருக்காமல் அன்றைக்கே கண் டாக்டரிடம் ஓடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்