தமிழ்க் குடும்பக் கேஸெல்லாம் உங்களுக்கே வருகிறதா?

தம்பி, லண்டன் கவுன்சில் ஒன்றில் குழந்தைகள் பிரிவில் சமூகப் பணியாளராகச் சேர்ந்ததிலிருந்து தமிழ்க் குடும்பக் கேஸெல்லாம் உங்கள் தலையிலேயே விழுகிறது என்றும், டீமில் இருக்கும் மூத்த கறுப்பினப் பெண்மணி "எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளாதே" என்று ஏன் சொல்கிறார் என்றும் கேட்டிருந்தீர்கள். பல வருடமாக இதே வேலையில் இருப்பவன் சொல்கிறேன், அவர் பேச்சைக் கேளுங்கள்.

தன் இனத்துக் கேஸெல்லாம் தலையில் விழுவது அவருக்கு முந்தைய தலைமுறை பட்ட பாடு. கவுன்சில்கள் அன்று கறுப்பினப் பணியாளர்கள் பலரை 1966 உள்ளாட்சிச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி மத்திய அரசு தந்த மானியத்தில்தான் எடுத்தன. மானியம் நின்றால் வேலையும் ஆட்டம் காணும். கறுப்பினக் குடும்பம் என்றாலே ஃபைல் அவர்கள் மேஜைக்குத்தான் வரும். இன்னொரு பக்கம் கவுன்சில் நடத்திய குழந்தைகள் இல்லங்களில் கறுப்பினக் குழந்தைகள் ஏராளம். லண்டனின் லாம்பெத் கவுன்சில் நடத்திய ஷெர்லி ஓக்ஸ் இல்லத்தில் 1980இல் 57 சதவீதம். இந்தப் பிள்ளைகளை எடுத்து வளர்க்கக் கறுப்பினக் குடும்பங்கள் முன்வராது என்று அலுவலகங்களில் சாதித்தார்கள். அதே 1980இல், அதே லாம்பெத்தில், கறுப்பின வளர்ப்புக் குடும்பங்களைத் தேடும் நியூ பிளாக் ஃபேமிலிஸ் யூனிட் என்ற பிரிவு தொடங்கிக் கறுப்பினப் பணியாளர்களே தேடிப் போனார்கள்; குடும்பங்கள் கிடைத்தன. 1983இல் கறுப்பினச் சமூகப் பணியாளர்கள் தனிச் சங்கம் அமைத்து நாடாளுமன்றக் குழுவிடமே வாதாடினார்கள். பராமரிப்பில் உள்ள குழந்தையின் மதம், இனம், பண்பாடு, மொழியைக் கவனிக்கச் சொல்லும் விதி 1989 குழந்தைகள் சட்டத்தில் இடம்பெற்றதில் அவர்கள் உழைப்பு நிறைய.

அந்த விதியின் அருமை எனக்கு ஒரு வெள்ளைக்கார வளர்ப்புத் தாயின் வீட்டில் புரிந்தது. கறுப்பினச் சிறுமி, முடி சடைபிடித்து, முழங்கை வறண்டு சாம்பல் பூத்திருந்தது. என்னுடன் வந்த கறுப்பினத் தோழி முடியை ஈரமாக்கி, க்ரீம் தடவி, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்தபடியே அந்த அம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்தார். ஒரு கடுஞ்சொல் இல்லை.

ஆனால் பண்பாடு தெரியும் என்ற நினைப்பிலும் ஆபத்து உண்டு. எட்டு வயது விக்டோரியா கிளிம்பி 2000 பிப்ரவரியில் சித்திரவதைப்பட்டு இறந்தாள். தன்னை வளர்த்த பெண்ணின் முன் அவள் விறைத்து நின்றதை, அவள் கேஸைப் பார்த்த சமூகப் பணியாளர் ஆப்பிரிக்க-கரீபியக் குடும்ப மரியாதை என்று எடுத்துக்கொண்டதை, அந்த மரணம் பற்றிய விசாரணையின் 2003 லேமிங் அறிக்கை சுட்டிக்காட்டியது. "நம்மூரில் பிள்ளையை இரண்டு அடி போடுவது சகஜம்தானே" என்று ஒரு தமிழ் அப்பா உங்களிடம் சொல்லும்போது தலையாட்டிவிடாதீர்கள். தழும்பைப் பாருங்கள், பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள், பார்த்ததை அப்படியே எழுதுங்கள்.

மேலாளருடன் நடக்கும் அடுத்த சூப்பர்விஷனில் எல்லா வகைக் கேஸும் வேண்டும் என்று கேளுங்கள். கேட்டது குறிப்பில் ஏறட்டும். உங்கள் டீமுக்குத் தமிழ் வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பாளருக்கு கவுன்சில் பணம் கொடுக்கட்டும்.