கம்பி வைத்த நெஞ்சும் வலியும்

கேள்வி: உட்குழிந்த நெஞ்சை நிமிர்த்த, 16 வயது மகனுக்குச் சேலத்தில் கம்பி வைக்கப் போகிறார்கள். வலிக்கு முதுகில் குழாய் நல்லதா, நரம்பை உறைய வைப்பதா?
– வாசகி, ஏற்காடு

பதில்: இந்த நஸ் சிகிச்சையில் வெட்டு சிறிதுதான், ஆனால் கம்பி மார்பெலும்பை ஓயாமல் முன்தள்ளுவதால் வலி கடுமையாகவே இருக்கும். முதுகில் செருகும் எபிடூரல் குழாய் முதல் சில நாள்கள் வலியை நன்றாக அடக்கினாலும், அதை எடுத்துவிட்டு மாத்திரைக்கு மாறும்போதுதான் பல பிள்ளைகள் துவண்டுபோகிறார்கள். மார்ஃபினை மட்டும் நம்பினால் குமட்டலும் மலச்சிக்கலும் கூடவே வரும். விலா நரம்புகளைக் கடுங்குளிரால் உறையவைக்கும் கிரையோ முறையில் மருத்துவமனையில் தங்கும் நாள்களும் மார்ஃபின் தேவையும் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும் அதன் முழுப்பலன் தெரியப் பல மணி நேரம் ஆகும், மார்புத்தோல் சில மாதங்கள் மரத்திருக்கும். என் சாய்வு கிரையோ பக்கமே. அதற்கான கருவியும் பழகிய கையும் உண்டா என்று முன்னரே கேளுங்கள். இல்லையேல் எபிடூரல் குறைந்ததன்று. வீடு திரும்பும் ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால், மருத்துவர் எழுதித்தந்த மாத்திரையைக் கிளம்புமுன் கொடுக்கலாமா என்றும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.